பலகை இல்லாத வீடு

சத்யபிரியா காய் நறுக்கும் பச்சைப் பிளாஸ்டிக் பலகையை அஸ்தினாபுரம் காயலான் கடையில் போட்டுவிட்டு வந்தாள். காய் வெட்டும்போது கத்தி பட்டுப் பட்டு அது தூளாகச் சாப்பாட்டில் கலக்கிறது என்று படித்திருந்தாள். குழந்தைக்கு அப்போதுதான் கஞ்சி ஊட்டத் தொடங்கியிருந்தாள். ஒரு மரப்பலகை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பொரியலில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தது. கணவன் எழில் அதை எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தான்.

"இன்னமும் அதுலதான் வெட்டிகினு இருக்கியா?"

"அத்த கடையில போட்டாச்சுன்னு எத்தினி வாட்டி சொல்றதுங்க?"

கத்தியை மாற்றினாள். வெண்டைக்காயைக் கையாலேயே ஒடித்துப் போட்டாள். அப்போதும் துணுக்கு வந்தது. எழில் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே அடுப்படியில் நின்று குழந்தைக்கு வெறும் அரிசிக் கஞ்சி காய்ச்சினான். அதிலும் ஒன்று மிதந்தது.

"இப்ப யாரு வெட்னது? சொல்லுங்க!"

அவளுக்கு எரிச்சலில் அழுகை வந்தது. துணுக்கை எடுத்து எறிந்துவிட்டுக் கரண்டியை நீட்டினாள். குழந்தை வாயைத் திறந்தது. கீழ் ஈறில் முதல் பல் முளைத்திருந்தது. பச்சையாக இருந்தது. ஏதோ கீரை ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் சுரண்டினாள்.

பல் மெல்லிய பிளாஸ்டிக் சுருளாக உரிந்து வந்தது. குழந்தைக்கு வலிக்கவில்லை. கூச்சத்தில் சிரித்து, இன்னும் சுரண்டச் சொல்வதுபோல வாயை அகலத் திறந்தது.