பாதி முத்திரை

தூத்துக்குடிக் கடற்கரைக் கிட்டங்கிக்குள் சாயங்கால வெயில் கதவளவுக்கு விழுந்து கிடக்கிறது. கொழும்புக்கு ஏற்ற வேண்டிய கருப்பட்டி, ஓலைப்பாய் சுற்றித் தைத்த சிப்பங்களாக அடுக்கியிருக்கிறது. வெளியே பாய்மரத் தோணி காத்து நிற்கிறது. சுமை தூக்குகிறவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. சிப்பம் தைக்கிற முத்துக்கனியின் புருஷன் தலையில் கட்டோடு சுவரோரம் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். சட்டசபைத் தேர்தலில் நிற்கிறவரின் ஆட்கள் சுமை தூக்குகிறவர்களின் சங்கக் கூட்டத்தில் புகுந்து அடித்த அடி அது. அந்த வேட்பாளருக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தவர் சிவனணைந்தபெருமாள். இந்தக் கருப்பட்டிக் கடைக்கும் முதல் போட்டவர் அவர்தான். “இனி அவரு கூட்டு நமக்கு வேண்டாம்,” என்கிறார் கடையை நடத்துகிற பால்துரை. இருவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து ‘சி.பா.’ என்று வெட்டிய தகர அச்சைச் சிப்பத்தின் மேல் வைத்து, ‘சி’யை ஓர் ஓலைத்துண்டால் மறைத்து, மைத்துணியை அழுத்துகிறார். ‘பா’ மட்டும் ஈரமாகப் பளபளக்கிறது. சுவரோரம் ஒருவன் எழுந்திருக்கப் பீடியை அணைக்கிறான். முத்துக்கனி ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டு எழுந்து வருகிறாள். “கொழும்புக்காரன் சிப்பத்த அவுத்தா பாக்கான், அண்ணாச்சி? எழுத்தத்தான பாக்கான். இப்படிப் போனா திருப்பி அனுப்பிருவான். பொறவு எங்களுக்கு ஏது கூலி?” அவள் ஓலைத்துண்டை உருவிப் போடுகிறாள். பால்துரையின் கையிலிருந்து மைத்துணியை வாங்கி ‘சி’யின் மேல் ஒற்றுகிறாள், ஊதி ஊதிக் காயவைக்கிறாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள், “எந்திரிங்க. தோணி போயிரும்.” அவன் தோள் துண்டை எடுத்து, தலைக்கட்டின் மேலேயே சும்மாடு சுற்றுகிறான்.