தெரிந்த முகம்

மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தி சிவகாசிக்கு அழைத்துப்போகவே கோட்டைச்சாமி மனைவியோடு பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். நுண்கலைத் துறைக்குள் அவர் நுழைந்ததும் மாணவர்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள்.

"பாத்தியா மாரித்தாயி? நம்ம குடும்ப மருவாதி இங்கன வரைக்கும் தெரியுது."

"பேசாம வாங்க. ஒங்கள இங்கன யாருக்குத் தெரியும்?"

பேராசிரியை எதிரே வந்து கைகூப்பினார். "பானுப்பிரியா அப்பாதானே? பார்த்ததுமே தெரிஞ்சுது. உள்ளதை உள்ளபடி வரைய வைக்கிறதுதான் எங்க துறையோட பலம். அதுல உங்க பொண்ணுக்குத்தான் முதல் பரிசு."

கூடத்தின் நடுவே அந்த ஓவியம் தொங்கியது. அதில், மகள் வரைந்த படங்களைக் கிழித்து அடுப்பில் திணித்துக்கொண்டிருந்தார் கோட்டைச்சாமி. மீசை நரைகூடத் தப்பவில்லை.

"பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டார் பேராசிரியை.

கோட்டைச்சாமி கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. சும்மா பாத்துட்டுப் போகத்தான்."