இந்த வருட வண்டி

மூன்றாவது முறையும் கார் சோதனைத் தடத்தின் வளைவை விட்டு வெளியே ஓடிப் புல்லில் ஏறியது.

சோதனை ஓட்டுநர் வண்டியை நிறுத்தினாள். ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சே அவளைச் சுட்டது.

"வண்டி மூக்கு திரும்பவே மாட்டேங்குது மேடம். அப்படியேதான் எழுதுவேன்."

பக்கத்து இருக்கையில் சஸ்பென்ஷன் பிரிவின் தலைமைப் பொறியாளர், மடியிலிருந்த கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தாராளமா எழுது. வண்டி திரும்பலைன்னு எழுதாத. என் கால் சொன்ன பேச்சு கேக்கலைன்னு எழுது."

போன வருட மாடலுக்கு இந்த வளைவு வேறு மாதிரி. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தாலும் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், வால் வெளியே வீசிவிடும். அதனால் இங்கே எல்லா ஓட்டுநர்களும் படித்தது ஒரே பாடம்தான். வளைவுக்குள் காலை எடுக்காதே.

போன வருடம் ஒரு நாள் அவளுடைய கால் அதை மறந்தது. இதே இடத்தில் வண்டி பம்பரமாகச் சுற்றித் தடுப்புச் சுவரை உரசாத குறையாக நின்றது. அவள் சிரித்துக்கொண்டேதான் இறங்கி வந்தாள்.

தடத்தோரக் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்.

வால் ஆடுவதுதான் இந்த வண்டிக்கு அழகு, அதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்றது விற்பனைப் பிரிவு. பொறியாளர் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் மல்லுக்கட்டிப் பின்பக்க ஸ்பிரிங்குகளை மென்மையாக்கினார். சக்கரங்களைத் தாங்கும் கம்பிகளின் இடத்தை மாற்றினார்.

இப்போது பின்சக்கரங்கள் தரையை விடாது. ஆனால் பழைய பாடத்தை நம்பிக் காலை அழுத்தியே வைத்திருந்தால் முன்பக்கம் வெளியே ஓடும்.

இன்றைய அறிக்கை சரியில்லை என்றால் இந்த வருட வண்டிக்கும் பழைய சஸ்பென்ஷன்தான். எழுதப்போகிறவள் அவள். யாருக்காகவும் பொய்யாக நல்லது எழுத மாட்டாள். தன் பயத்துக்காகக் கெட்டது எழுதவும் மாட்டாள்.

மறுபடி கிளப்பினாள்.

வளைவு வந்தது. கால் கல்லாகக் கிடந்தது. அதே சுவர் கண்ணுக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் கணினியை மூடும் சத்தம்.

"எடும்மா."

எடுத்தாள்.

வால் வீசவில்லை. மூக்கு மெல்லத் தணிந்து உள்ளே திரும்பியது. பின்சக்கரங்கள் அதன் பின்னாலேயே அடக்கமாக வந்தன.

நிறுத்தவில்லை. அடுத்த சுற்றில் வேகத்தைக் கூட்டினாள். அதற்கடுத்த சுற்றில் இன்னும். ஒவ்வொரு முறையும் கால் தானாக எழுந்தது.

வண்டி நின்றபோது அவள் ஸ்டியரிங்கை விட்டாள். பொறியாளரின் கைதான் கதவுப் பிடியை விட மறந்திருந்தது.

"போன வருஷம் வண்டி சுத்தின அன்னைக்கே வேலையை விட்டுடுன்னு சொன்னேன்," என்றார், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "நீ கேக்கல. என் பையனும் உன் பக்கம் சாஞ்சுட்டான். நான் சொன்னா கேக்கறதுக்கு இந்த வண்டி ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தால் 'மேடம்' மட்டும்தான். அவளுக்குக் கல்யாணமானதிலிருந்து இருவரும் ஒரு நாளும் மீறாத விதி அது.

பொறியாளரின் கை பெல்ட்டைத் தேடியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதீங்க அத்தை. எழுதறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு சுத்து."