இரண்டாம் அறை

"அந்த அறையில உட்கார்ந்திருக்கிறது மனுஷன் இல்லம்மா, உடும்பு. பிடிச்ச பிடியை விடமாட்டேங்கிறான்."

மூத்த தூதர் கையிலிருந்த தாளை மேசைமேல் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெளியுறவு அமைச்சகத்தில் அவருக்குப் பாறை என்று பெயர். எந்த நாட்டுக்காரன் வந்து முட்டினாலும் நகராதவர் என்பதால் வந்தது. காதுபடச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளூர அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கும்.

குறிப்பெடுக்க அவருடன் அமர்த்தப்பட்டிருந்த இளம் அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் எல்லையில் பக்கத்து நாட்டோடு போர்நிறுத்தப் பேச்சுவார்த்தை. அதற்குத் தலைமை தாங்கிப் போவது யார் என்று முடிவு செய்யத்தான் இந்த ஒத்திகை. இவர்கள் இருந்த முதல் அறை நம் நாடு, இரண்டாம் அறை பக்கத்து நாடு என்று பாவனை. எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பது நடுவர்களுக்கு மட்டுமே தெரியும். பேச்செல்லாம் தட்டச்சு செய்த தாள்களில்தான்.

பெயரை மறைக்கும் இந்த ஏற்பாடு அவள் மல்லுக்கட்டி வாங்கியது. போன வருடம் ஒரு பெண்ணின் பெயர் தலைமைக்கு வந்தபோது, "தளபதிங்க உட்கார்ந்து பேசற இடத்துல பொம்பளைங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டவர் இதே பாறைதான். பத்திரிகையிலும் வந்தது. அந்தப் பெயர் அதோடு போயிற்று. இந்த முறையாவது ஒரு பெண் தலைமை ஏற்றுப் போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் பாறையை அசைக்க யாரால் ஆகும் என்று பயமாகவும் இருந்தது.

"அப்படி என்னதான் சார் கேட்கிறாங்க?"

"காலையில இருந்து எதைச் சொன்னாலும் சரி சரின்னு விட்டுக்கொடுத்தான். கொடியை எங்க நடறது, யார் முதல்ல கையெழுத்துப் போடறது, எல்லாம் என் இஷ்டம். நானும் அசந்துட்டேன். சாப்பாடு முடிஞ்சதும் குண்டைத் தூக்கிப் போடறான். வயிறு நிறைஞ்சவன் தலையாட்டுவான்னு தெரிஞ்சு வெச்சிருக்கான்."

"நல்லா சாப்பிட்டீங்களா சார்?"

"கேன்டீன்ல என்னத்தை நல்லா? வீட்டுக்காரி அக்காவைப் பார்க்கப் போறேன்னு நேத்தே கிளம்பிட்டா. அதை விடு. இதைப் படி."

அவள் படித்தாள். எல்லைச் சோதனைச் சாவடிகளில் பெண் வீரர்கள் இருக்க வேண்டும். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் பாதிப் பேர் எல்லையோரப் பெண்களாக இருக்க வேண்டும். இதற்குக் குறைந்து இரண்டாம் அறை ஒப்புக்கொள்ளாது.

"என்ன பதில் போட்டீங்க சார்?"

"இது ராணுவ விஷயம், குடும்ப விஷயம் இல்லைன்னு போட்டேன்."

கதவு தட்டப்பட்டது. நடுவர் ஒருவர் பதிலைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் வாய்விட்டு வாசித்தாள்.

'சாவடியைத் தினமும் தாண்டுவது தளபதிகள் அல்ல, வயலுக்கும் சந்தைக்கும் போகிற பெண்கள். அவர்களை ஆண் வீரன் தொட்டுச் சோதித்தால் காலையில் வாய்ச்சண்டை, மதியம் கல்லெறி, மாலையில் துப்பாக்கி. போன உடன்பாடு எந்த இடத்தில் முறிந்தது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.'

பாறை தாளை வாங்கி இன்னொருமுறை படித்தார்.

"அந்த உடன்பாட்டை எழுதினதே நான்தாம்மா," என்றார். "முறிஞ்சது சாவடியில ஒரு பொண்ணைச் சோதனை போட்ட தகராறுலதான். எனக்கு இது தோணவே இல்லையே."

இரண்டாம் அறையின் கோரிக்கையை அப்படியே ஏற்றுக் கையெழுத்திட்டார். எதிராளியைப் பற்றி ஒரு வரி எழுதிக் கொடுப்பது ஒத்திகையின் வழக்கம். அவர் யோசிக்காமல் எழுதினார்: 'இரண்டாம் அறையில் இருப்பவரே தலைமை ஏற்கட்டும். அவருக்குக் கீழே வேலை பார்க்க நான் தயார்.'

"யாருன்னே தெரியாமலா சார்?"

"யாரா இருந்தா என்ன? இப்படி ஒரு ஆள் நம்ம பக்கம் இருக்கான்னு நினைச்சாலே பெருமையா இருக்கு."

சற்று நேரத்தில் தலைமை நடுவர் உள்ளே வந்தார். கூடவே நரைத்த கூந்தலோடு ஒரு பெண்மணி. அமைச்சகத்தில் அவரை இளம் அதிகாரி பார்த்ததே இல்லை. அவளுக்கு மனம் துள்ளியது. மறுகணமே, பாறை சொன்ன சொல்லை மாற்றிவிடுவாரோ என்று அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்க தீர்ப்பும் இரண்டாம் அறைக்குத்தான்," என்றார் தலைமை நடுவர். "அந்தக் காலத்துல பயிற்சியில முதலாவதா வந்தவங்க இவங்க. அப்ப நம்ம துறையில பெண்கள் கல்யாணம் பண்ணிக்கிட்டா வேலையை விட்டுடணும்னு சட்டம். விட்டுட்டாங்க. அப்படிப் போனவங்களைப் போன மாசம் திரும்பக் கூப்பிட்டோம். முதல்ல வந்து நின்னது இவங்கதான்."

அமைச்சர் வந்தாலே நாற்காலியை விட்டுப் பாதிதான் எழுகிற பாறை, முழுதாக எழுந்து நின்றார். முகம் ஒருமுறை சிவந்து அடங்கியது. எழுதி வைத்திருந்த தாளின் பக்கம் அவர் கை போனது. கிழித்துவிடுவார் என்றே இளம் அதிகாரி நினைத்தாள். அவர் தாளின் அடியில் தன் பெயரைப் பெரிதாக எழுதி, அந்தப் பெண்மணியிடம் நீட்டினார்.

"அக்கா சௌக்கியமா?" என்று கேட்டார்.

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா. நீங்க சொன்னதைப் பேப்பர்ல காட்டி, திரும்ப வேலையில சேருடின்னு என்னைக் கிளப்பிவிட்டதே அவதான்."

பாறை இளம் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"என்னைக் கட்டிக்கிட்டதுக்காக வேலையை விட்டவம்மா இவ. அடுத்த மாசம் இவ பெட்டியை நான்தான் தூக்கிட்டுப் போகப்போறேன்."