சம்பளப் பைத்தியம்

"பெத்த பொண்ணோட படிப்பை வித்துச் சாப்பிடப் போறீங்களா மாப்பிள்ளை?"

மைத்துனர் இப்படிக் கேட்டபோது, கண்ணாடிக்கடைக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடியின் கம்பிக்குப் பொடி ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ஆமாம்" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் வேதியியல் பட்டம் முடித்த கையோடு, வீட்டார் எழுதச் சொன்ன நுழைவுத் தேர்விலும் தேறி, மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்துவிட்டாள். அதே சமயத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியிலிருந்தும் அழைப்பு வந்தது. ஆய்வுக்கூடத்தில் நிறங்களைக் கலந்து சோதிக்கிற வேலை. சம்பளம் கொழுத்த சம்பளம். சொந்தபந்தம் மொத்தமும் ஸ்டெதஸ்கோப் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, "படிச்சது போதும், வேலைக்குப் போகட்டும்" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது, ஒருநாள் பொம்மையின் காலுக்குக் கட்டுப் போட்டு விளையாடினாள். அன்றிலிருந்து குடும்பத்தில் அவளுக்கு டாக்டரம்மா என்றுதான் பேர். அவளுக்கு என்ன ஆசை என்று கேட்கிற வேலையே யாருக்கும் மிச்சமில்லாமல் போய்விட்டது. இந்த மைத்துனர், அதாவது அவளுடைய மாமா, தன் மூட்டுவலியைக்கூட அவள் படித்து முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்தார்.

அந்த மூட்டுவலியோடுதான் இப்போது கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சேவைன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? உசிரைக் காப்பாத்துற படிப்பை விட்டுட்டு, செவுத்துக்கு வெள்ளையடிக்கிற கம்பெனிக்கு அனுப்பறீங்களே."

மாமாவின் சொந்த மகன் வெளிநாட்டில் ஒரு வங்கியில் கைநிறையச் சம்பாதித்துக்கொண்டிருக்கிறான். அவன் ஏன் சேவைக்குப் போகவில்லை என்று கேட்டால், அவன் விஷயம் வேறு என்பார். அன்று யாரும் கேட்கவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து மருந்துக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார். நம்ம தெருப் பெண் ஒருத்தி டாக்டராக வந்தால் ஏழை பாழைகளுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும் என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. தன் கடைக்கு மேலே இருக்கிற அறையை அவர் ஏற்கெனவே காலி செய்து, ஃபேன் மாட்டி, நோயாளிகளுக்கு பெஞ்சும் போட்டு வைத்திருந்தார். மாடியில் எழுதுகிற மருந்துச் சீட்டு, படி இறங்கி நேராக எந்தக் கல்லாவுக்கு வரும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் அவரையும் பார்த்தார்.

"உங்க ஏழைங்க ஒண்ணாந்தேதியானா எனக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"

இரண்டு பேருக்கும் மூச்சே நின்றுவிட்டது. மனுஷன் இவ்வளவு கேவலமாகவா பேசுவான்?

வீட்டிலும் இதே கதைதான். மனைவி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை அவள் மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே ஒரு வருஷத்துத் திட்டு இருந்தது.

இந்த நேரம் பார்த்து மகள் கடைக்குள் வந்தாள். மாமாவைப் பார்த்ததும் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாருங்க, புள்ளை முகம் எப்படிச் செத்துக் கெடக்குன்னு" என்றார் மாமா. "வாயில்லாப் பூச்சி. நீ பயப்படாதே கண்ணு. மனசுல இருக்கறதை ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அவ்வளவுதான். அப்பா மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அவ என்ன சொல்றது? என் வீட்டுல நான் வெச்சதுதான் சட்டம். அவ வேலைக்குத்தான் போறா."

சாதாரணமாக வாடிக்கையாளரிடம் கூடுதலாக ஒரு வார்த்தை பேசத் தயங்குகிற ஆள் அவர். அந்தச் சத்தத்தில் மருந்துக்கடைக்காரர் வாசல்வரை பின்வாங்கிவிட்டார்.

மாமா எழுந்தார். இனி இந்தக் கடைப்படியை மிதிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அறிவித்துவிட்டு, அதுவரை கடைக்காரர் ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியை மறக்காமல் வாங்கி மாட்டிக்கொண்டார். அது அவருடையதுதான். கூலி எவ்வளவு என்று கேட்கிற நிலைமையில் அவர் இல்லை.

"சம்பளப் பைத்தியம்" என்று மருந்துக்கடைக்காரர் போகிற போக்கில் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். அவள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"ஏம்ப்பா இதெல்லாம்? டாக்டருக்குப் படிக்கவே பிடிக்கலைன்னு உங்ககிட்ட வந்து அழுதது நான். அந்த வேலைதான் வேணும்னு கேட்டதும் நான். நீங்க எதுக்குப்பா இத்தனை பேர்கிட்ட பேச்சு வாங்கணும்? இப்பவே போய் மாமாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லக்கூடாது."

"அம்மாகிட்டயாவது?"

"அம்மாவுக்குச் சொன்னா அடுத்த நிமிஷம் மாமாவுக்குப் போயிடும். நீ வேலையில போய் உக்காரு. அப்புறம் நானே சொல்லிக்கறேன்."

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்தக் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

"நீ வேண்டாங்கறேன்னு தெரிஞ்சா, ஆளாளுக்கு வந்து உக்காந்து பேசிப் பேசியே உன் மனசைக் கரைச்சிடுவாங்கம்மா. நான் வேண்டாங்கறேன்னா, திட்டிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிடறாங்க."