தலைவர் பிடித்த பாட்டில்

தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் காலை வெயிலில், நேற்று கன்று போட்ட பசு காதெல்லாம் சில்லிட்டு, கழுத்தை விலாவோடு மடித்துக் கிடக்கிறது. "பால் காய்ச்சல். ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து குறைஞ்சிடுச்சு" என்று டாக்டரம்மா கழுத்து நரம்பில் ஊசியைச் செருகுகிறார். மருந்து பாட்டிலை இரு கைகளாலும் ஏந்தி நிற்பவர் பால் சங்கத் தலைவர். மைக்கைத் தவிர எதையும் பிடித்தறியாத கை. "அதெப்படிம்மா? சினையா இருந்தப்ப நானே சுண்ணாம்புச் சத்துப் பொடியை அள்ளி அள்ளிப் போட்டேனே!" "அதனாலதான் சார். வாய்வழியா தாராளமா கிடைச்சதும், எலும்புல இருந்து எடுக்கிற வேலையையே உடம்பு மறந்துடுச்சு." பசுவின் தாடையை மடியில் தாங்கியிருக்கும் தலைவரின் மனைவி நிமிர்கிறாள். "சினை மாட்டுக்குப் பொடியை அள்ளிப் போடுங்கன்னுதானே மேடைக்கு மேடை சொல்லிட்டு வர்றீங்க?" "அது வந்து, விஞ்ஞான ரீதியா பார்த்தா…" "பேசாதீங்க சார்! மருந்து வேகமா இறங்கினா இதயம் நின்னுடும். நான் துடிப்பைக் கேட்கணும். பாட்டிலைத் தாழ்த்துங்க." தலைவர் வாயை மூடுகிறார். பாட்டிலுக்குள் குமிழிகள் ஏறும் சத்தம் மட்டும் கேட்கிறது. அவர் நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்குகிறது. துடைக்கக் கை இல்லை. பசுவின் தொடையில் மெல்ல ஒரு நடுக்கம் ஓடுகிறது. பிறகு நீளமாக ஓர் ஏப்பம். டாக்டரம்மாவின் தோள்கள் தளர்கின்றன. "பிழைச்சுக்கும்." தலைவர் தொண்டையைச் செருமுகிறார். "இன்னும் அரை பாட்டில் இருக்கு" என்கிறாள் மனைவி. "மூச்!"