புது லீவரின் முதல் ஓட்டம்

நவநீதன் தன் ஸ்போர்ட்ஸ் காரின் பழைய கியர் லீவரைக் கழற்றிவிட்டு, பந்தயக்காரர்கள் மாட்டுகிற குட்டை லீவர் ஒன்றை மாட்டினான்.

"அண்ணே, இனி நாம பறக்கப்போறோம்!" என்றது புது லீவர், பக்கத்திலிருந்த கிளட்ச்சிடம்.

"ஆகட்டும் தம்பி," என்றது கிளட்ச்.

காலையில் சாலை முழுக்க நெரிசல். முதல் கியர், நியூட்ரல், மறுபடியும் முதல் கியர். தண்ணீர் லாரிகூட முந்திப் போனது. லீவருக்கு அழுகை முட்டியது.

அலுவலகம் வந்ததும் நவநீதன் இன்ஜினை அணைத்துவிட்டு நண்பர்களைக் கூப்பிட்டான். கிளட்ச்சை மிதித்தபடி, லீவரை டக் டக்கென்று ஐந்தாவது கியர்வரை மாற்றிக் காட்டினான். "செம வண்டிடா!" என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

லீவருக்குப் பெருமையில் மூச்சு வாங்கியது. "பார்த்தீங்களா அண்ணே, என்ன வேகம்!"

"பயந்தே போயிட்டேன் தம்பி," என்றது கிளட்ச். "அவன் சீட் பெல்ட்கூடப் போடலையே!"